பங்கர் டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தின் பவளவிழா மலர் போன மாதம் கைக்கு வந்தது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு மொத்தம். முதல் இருபது பக்கமும் வாழ்த்துச் செய்திகள். பள்ளிக்கூடத்தை ஒருநாளும் கண்டிராதவர்கள்தான் அதைக் கூடுதலாகப் புகழ்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பக்கத்தில் மைதானத்தின் தென்மூலையில் இருக்கும் கிணற்றின் படம். கீழே இப்படி எழுதியிருந்தது: “மாணவர்களின் தாகம் தீர்க்கத் தொலைநோக்குடன் அன்றைய அதிபர் அமைத்த நன்னீர்க் கிணறு.”

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள். பிழையான விடையைக் கண்டால் இன்றைக்கும் என் கை சிவப்புப் பேனையைத் தேடும். அது கிணறு அல்ல, பங்கர். விமானம் குண்டு போட வந்தால் பிள்ளைகள் இறங்கிப் பதுங்குவதற்காக வெட்டிய குழி. அன்றைய அதிபர் அதை அமைக்கவும் இல்லை. வெட்டவே வேண்டாம் என்று மூன்று கடிதம் கொடுத்தவர் அவர். வெட்டுவித்தவர் ஒரு மனையியல் டீச்சர்.

அவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஏழு வருடமாகிறது. மலரில் அவருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை. நானும் எழுதப்போவதில்லை, ஏனென்றால் அவருக்கே அது பிடிக்காது. “பேர் எழுதுற இடத்தில ஆபத்து இருக்கு, தங்கச்சி. லிஸ்டில ஏறினா ஆள் தேடி வரும்,” என்பார். வரவுப் பதிவேட்டில் அவர் வைத்த கையொப்பத்தைப் பார்த்தால், அது எந்த மொழி என்றே கண்டுபிடிக்க முடியாது.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் இயக்கம் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவிலிருந்து எங்கள் கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்தவர் அவர். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். வழியில் சோதனை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எடுத்துக்கொண்டவன், அதோடு கறுப்பு நூலில் தொங்கிய விசிலைப் பார்த்து, “இது உங்களுக்குத் தேவைப்படும், வச்சிருங்கோ,” என்று திருப்பிக் கொடுத்தானாம். அவன் நக்கலாகச் சொன்னதை இவர் ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். அந்த விசில் கடைசி நாள்வரை அவர் கழுத்தில் கிடந்தது.

எங்கள் ஆட்களைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் வந்தவர்களுக்குச் சோறாக்கிக் கொடுத்தோம், கண்ணீர் விட்டோம். மூன்றாம் மாதம், “இவங்க எப்ப போவாங்க?” என்று கேட்கத் தொடங்கினோம். தென்னந்தோட்டமெல்லாம் கிடுகுக் கொட்டில் போட்ட அகதி முகாம்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இரண்டு மடங்கு, கதிரைகள் மட்டும் பழைய எண்ணிக்கை. வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். வாய் திறந்தால் அங்கே விட்டுவந்த வீடு, கடை, மாமரம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு குடிசைகூட இருந்திருக்க முடியாது.

டீச்சர் வீட்டைப் பற்றிப் பேசமாட்டார். வீட்டின் முன்கதவைப் பற்றி மட்டும் பேசுவார். முதிரை மரமாம். அவருடைய வாப்பா தச்சனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து செய்வித்ததாம். வெளியே பச்சைப் பெயின்ட். உட்பக்கத்தில் வாப்பா தன் கையாலேயே வெள்ளைப் பெயின்டில் அரபியில் பிஸ்மி எழுதியிருந்தாராம். வெளிக்கிடும் ஆள் அதை வாசித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டுமாம்.

“அப்ப கதவையும் கழட்டித் தோள்ள வச்சிக்கொண்டு வந்திரிக்கலாமே டீச்சர்,” என்று ஒருநாள் நான் கேட்டேன். ஆசிரியர் அறையே சிரித்தது.

அவர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரெண்டு பேர் வேணும், தங்கச்சி. சரியான பாரம்,” என்றார்.

எந்த வாசலைத் தாண்டினாலும் முதலில் வானத்தைப் பார்ப்பார். அது கழிவறை வாசலாக இருந்தாலும் சரி. காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடும்போது நாங்கள் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்போம், அவர் கொடிக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். வந்த புதிதில் வெங்காயத் தோட்டத்து நீரிறைக்கும் மோட்டரின் சத்தத்துக்கும் மீன் வள்ளத்து எஞ்சின் சத்தத்துக்கும் வகுப்பை நிறுத்திக் காதைக் கொடுப்பார். தலவிலத் தேவாலயத் திருநாளுக்கு வெடி கொளுத்தினார்கள். பதினோராம் வகுப்பு மேசைக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு மீன்காரனிடம் கேட்டுத் திருநாள் எப்போதென்று நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டார்.

“டீச்சர், இது கற்பிட்டி,” என்று அதிபர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். “இங்க மேலேருந்து வாறது மழையும் காக்காப் பீயும் மட்டுந்தான்.”

“அங்கயும் அப்பிடித்தான் சேர் சொல்லிக்கொண்டிருந்தம்,” என்றார் இவர்.

முகாமிலிருந்து ஆறு ஆண்களை மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தின் தென்மூலைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் நிலம் சுண்ணாம்புக்கல். ஒரு பங்கர் வெட்ட அலவாங்கு தேய்ந்துபோகும். எங்கள் மண் வெறும் மணல். மண்வெட்டி இறங்கிய வேகத்தைப் பார்த்து அவருக்குப் பிடிபடாத சந்தோஷம். “ரப்பே, இந்த மண்ணைப் பங்கருக்கெண்டே படைச்சிருக்கிறான்!” என்றார். எங்கள் ஊரில் ஆறடி தோண்டினால் தண்ணீர் வரும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வேலியோரம் நின்ற வெங்காயத் தோட்டக்காரருக்குத் தெரியும். அதிபருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடியும்போது தண்ணீர் முழங்காலளவா இடுப்பளவா என்று பள்ளிக்கூட வாச்சரோடு நான் ஒரு பிளேன்டீ பந்தயம் பிடித்தேன்.

இடுப்பளவு. பந்தயத்தில் நான்தான் வென்றேன்.

காலையில் அவர் குழியின் விளிம்பில் நின்றார். உள்ளே இரண்டு தவளை. அவர் குனிந்து கீழே பார்த்ததை அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டேன். ஒரு கை தண்ணீரை அள்ளிக் குடித்தார். “நல்ல தண்ணி,” என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட குரலில். முகாமில் நல்ல தண்ணீர் இல்லை. எங்கள் ஊர்க் கிணறுகளுக்குக் குடத்தோடு வந்த முகாம் பெண்களை எங்கள் பெண்கள் வாயாலேயே விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அன்று மாலையே முகாமிலிருந்து குடங்கள் வரிசையாக வந்தன. அடுத்த கிழமை எங்கள் பெண்களும் வந்தார்கள். தண்ணீர் இனிப்பாக இருந்ததே காரணம். யாராவது “ஒங்கட கிணத்துத் தண்ணி நல்லம், டீச்சர்,” என்றால் அவருக்குப் பிடிக்காது. “நான் கிணறு வெட்டேல்ல. பங்கர் பிழைச்சுப்போச்சு,” என்பார்.

பங்கர் டீச்சர் என்ற பெயர் அந்தக் கிழமையில் பிறந்தது. வைத்தவள் நான்தான்.

கீழே போக முடியாவிட்டால் மேலே எழுப்புவது என்று அடுத்த முடிவு. அதற்கு மண்மூட்டை வேண்டும். வெங்காயத் தோட்டங்களிலிருந்து வெறும் உரப்பைகள் வந்தன. பத்தாம் வகுப்பு மனையியல் பாடத்தில் கைத்தையல் ஒரு அலகு. மற்றப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கைலேஞ்சியில் ரோசாப்பூ தைத்தார்கள். எங்கள் பிள்ளைகள் யூரியாப் பையின் வாயில் சங்கிலித்தையல் போட்டார்கள். பரீட்சைக்கு வந்த மேற்பார்வையாளர் அந்தத் தையலை இழுத்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், நூல் அசையவில்லை. எல்லோருக்கும் அதிவிசேட சித்தி.

மூட்டைச் சுவர், மேலே தென்னங்குற்றி, அதற்கு மேலே மணல். குற்றி விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் கதைக்க முடியாது. இரண்டு வரிசை போட வேண்டும், குறுக்கும் நெடுக்குமாக. “ஒரு வரிசை மண்ணைத் தாங்கும். ரெண்டாம் வரிசைதான் குண்டைத் தாங்கும். ஒரு வரிசையோட விட்டா அது பங்கர் இல்ல, கபுறுக்குழி,” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துபோகும். ஏனென்று அப்போது எனக்குத் தெரியாது. அதையும் பகிடியாகத்தான் எடுத்தேன்.

பிறகு பயிற்சி. வாரத்தில் ஒருநாள், எப்போதென்று சொல்லாமல், மூன்று சின்ன விசில். பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார்: “முதல்ல காது, பிறகு பல்லு, பிறகு கலிமா.” காதில் விரல். வெடி அதிர்ச்சியில் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் பல்லுக்கு நடுவே துணி. அதற்குப் பிறகுதான் கலிமா. எங்கள் மௌலவிக்கு இந்த ஒழுங்கு பிடிக்கவில்லை. கலிமாதான் முதலாவது என்று வாதிட்டார். “துணி வாயிலதான் மௌலவி, மனசில இல்லையே,” என்றார் டீச்சர். மௌலவி ஒரு கிழமை யோசித்துவிட்டு ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினார். துணிக்குப் பதில் ஒருவன் மாசிக் கருவாட்டுத் துண்டு கொண்டுவந்தான். அடுத்த பயிற்சி எப்போது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே மாணவன் அவன்தான்.

மண்மூட்டையைக் கண்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. சந்திக் காவலரணிலிருந்து ஒரு ஒபிசர் இரண்டு சிப்பாய்களோடு வந்தார். அதிபர் நோன்பு திறக்கும் நேரம் பார்ப்பவர் மாதிரிக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. ஒபிசர் பங்கரைச் சுற்றி வந்தார், உள்ளே போனார், வெளியே வந்தார். இதன் வாசல் ஏன் வளைந்து போகிறது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

“நேரா வச்சா சுடுற சன்னமும் நேரா வரும். உங்கட சந்தி சென்ரியில நேராத்தான் வச்சிருக்கிறீங்க. அதில நிக்கிற பொடியன் பாவம். அவருக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுங்கோ, தங்கச்சி,” என்றார் டீச்சர்.

நான் பயத்தில் பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னேன். மீதிப் பாதியே போதுமாக இருந்தது. ஒபிசர் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் சந்திக் காவலரணின் வாசலை உடைத்து வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்கரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்க வரவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நான் சிரித்த கதை. என் சிரிப்பு நின்ற கதையையும் சொல்ல வேண்டும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். கடற்கரையோரமாக ஒரு விமானம் வடக்கே போனது. எங்கள் தலைக்கு மேலால் அவை போவது புதிதல்ல. கீழே குண்டு போடாத விமானம் எங்களுக்கு ஒரு பறவை, அவ்வளவுதான். டீச்சர் எண்ணுவதை நிறுத்திவிட்டு யன்னலடியில் நின்றார்.

“பாரத்தோட போகுது,” என்றார்.

நான் எண்ணி முடித்து, பூட்டைப் பூட்டி, செருப்பைக் கொழுவிக்கொண்டு வந்தபோதும் அவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நெடுநேரத்துக்குப் பிறகு அதே சத்தம் தெற்கே திரும்பி வந்தது.

“வெறுமையா வருது,” என்றார். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பிள்ளைகளில் முக்கால்வாசி தமிழ்ப் பிள்ளைகள். அங்கேயும் பங்கர் பொறுப்பு அவருக்குத்தான். “ஒரு வரிசை குற்றிதான் போட்டு முடிச்சது, தங்கச்சி. ரெண்டாம் வரிசைக்குப் பனங்குற்றி சனிக்கிழமை வாறதெண்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை எங்களை வெளிக்கிடச் சொல்லிப்போட்டானுகள். பிள்ளையள் விசில் கேட்டா அதுக்குள்ளதான் ஓடுங்கள். நான்தானே பழக்கினது.”

“ஒங்கள வெரட்டின ஊருதானே டீச்சர்,” என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கு நினைப்பு.

“பிள்ளையளா என்னை விரட்டினது?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் அவரை அக்கா முறைவைத்து ராத்தா என்று கூப்பிடத் தொடங்கினேன். பிளேன்டீ பந்தயத்தைப் பற்றி மட்டும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அது நெஞ்சில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

சில வருடம் கழித்து ஒரு பிரதியமைச்சர் எங்கள் மாடிக் கட்டிடத்துக்கு அத்திவாரக் கல் நட வந்தார். கல் இன்னும் இருக்கிறது, மாடியைத்தான் காணவில்லை. வாகனத்தில் வருகிறார் என்றுதான் சொன்னார்கள். அதிபர் இரண்டு கிழமை ஒத்திகை பார்த்தார். பேண்ட் வாத்தியம் ஒரு பக்கம், பூமாலையோடு சின்னப் பிள்ளைகள் ஒரு பக்கம், வெற்றிலைத் தட்டோடு பெரிய பிள்ளைகள் நடுவில். எல்லோரும் வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். அமைச்சருக்கு ரோட்டுக் குலுக்கல் ஒத்துவராதென்று கடைசி நேரத்தில் ஏற்பாடு மாறியதை எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. கடற்களப்புப் பக்கமிருந்து ஒரு ஹெலிகொப்டர் தென்னை மரத்தின் தலையைத் தொடுகிற மாதிரித் தாழ்வாக வந்தது.

ராத்தா மேலே பார்த்தார். மூன்று சின்ன விசில்.

ஒன்றரை நிமிடம் ஆகியிருக்காது. மைதானத்தில் ஒரு பிள்ளை இல்லை. அந்த வருடங்களில் மூன்று பங்கர் எழும்பியிருந்தன, மூன்றும் நிரம்பிவிட்டன. இடம் கிடைக்காத பெரிய பிள்ளைகள் பழக்கியபடி வேலியோரம் காதைப் பொத்திக் குப்புறப் படுத்துவிட்டார்கள். பெரிய மேளம் தனியாக உருண்டுகொண்டிருந்தது. ஆசிரியர்களும் உள்ளே. நானும் உள்ளேதான் இருந்தேன், வாயில் கைலேஞ்சியோடு. ஊர்ப் பிள்ளை, முகாம் பிள்ளை என்று நாங்கள் அதுவரை பிரித்துப் பார்த்த அத்தனை பிள்ளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தார்கள். யார் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை.

மணற்புயலுக்கு நடுவே அமைச்சர் இறங்கினார். எதிரே அதிபர் மட்டும். அவருடைய தொப்பி களப்புக்குப் போய்விட்டது, மாலையை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். வேலியோரம் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்த பிள்ளைகளைக் கண்டதும் அமைச்சரின் முகம் மலர்ந்ததாம். தனக்கு அப்படியொரு மரியாதை எந்தத் தொகுதியிலும் கிடைத்ததில்லை என்று நினைத்திருப்பார். மனிதனுக்கு நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூது செய்வது ஆகுமா என்று ஊர் கேட்டு, மௌலவி அடுத்த வெள்ளிக்கிழமை தனியாக ஒரு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள்.

“அமைச்சரின் ஹெலிகொப்டருக்கு ஏன் விசில் ஊதினீர்கள்?”

“ஹெலி தாழ்வா வந்தா ரெண்டில ஒண்டு, சேர். சுடும். இல்லாட்டி அமைச்சர் இறங்குவார். ரெண்டுக்கும் பிள்ளையள் உள்ளுக்க இருக்கிறதுதான் பாதுகாப்பு.”

அவர் இதை நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் விசாரணைக்காரர்களுக்குக் கூடுதல் கோபம். இரண்டு கடிதம் வந்தது. ஒன்று, டீச்சருக்கு மலையடிவாரத்துக்கு இடமாற்றம். மற்றது, பாடசாலை வளவில் அன்னார் அமைத்த சகல பங்கர்களையும் உடனே மூடிவிடவும். எழுதிய லிகிதர் ‘சகல’ என்று எழுதியது எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். சகல என்றால் தென்மூலைப் பங்கரும் அதற்குள் அடங்கும். செய்தி ஊருக்குள் போனது. முகாம் பெண்களைக் குடத்தோடு விரட்டிய எங்கள் பெண்கள், அதே முகாம் பெண்களோடு வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அதிபரின் அறையை மறித்தார்கள். அன்பினால் அல்ல, தண்ணீருக்காக.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். நான் பதில் எழுதினேன். தென்மூலையில் இருப்பது குடிநீர்க் கிணறு. மற்ற மூன்றும் உடற்பயிற்சிக்கான விளையாட்டு மேடுகள். இப்பாடசாலையில் பங்கர் என எதுவும் இல்லை. இல்லாத பங்கருக்காக ஓர் ஆசிரியையை இடமாற்ற முடியாது என்று அலுவலகமும் ஒப்புக்கொண்டது. ஆகவே மலரில் வந்த பொய்யின் முதல் வரியை எழுதியவள் நானேதான். கடிதத்தை வாசித்துவிட்டு ராத்தா என்னோடு நாலு நாள் பேசவில்லை. “கிணறெண்டு எழுதிப்போட்டியே,” என்றார் ஐந்தாம் நாள்.

இரண்டாயிரத்திரண்டில் சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாண ரோட்டைத் திறந்தார்கள். சோனகத்தெரு ஆட்கள் பத்துப் பேர் ஒரு வான் பிடித்து ஊர் பார்க்கப் போனார்கள். ராத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள், கொஞ்ச நேரத்தில் எல்லாத் திசையிலிருந்தும் அழுகைச் சத்தம் வந்தது. கூரை இல்லை, வளை இல்லை, யன்னல் இல்லை. சுவர் மட்டும். ராத்தாவின் வீட்டு ஹோலில் ஒரு முருங்கை வளர்ந்து பூத்திருந்தது. முன்வாசலில் நிலையும் இல்லை, கதவும் இல்லை. அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வந்ததே அதற்குத்தான்.

படலையைத் திறந்த வயசான தமிழ் வாச்சர் முகத்தைப் பார்த்து மட்டுக்கட்டவில்லை. கழுத்தில் விசிலைக் கண்டதும், “ஐயோ, டீச்சர்!” என்றார்.

“நான் ஒரு வரிசையோட விட்டிட்டுப் போனனான்,” என்றார் ராத்தா. சலாமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. “என்ன நடந்தது?”

பங்கர் வேப்பமரத்தடியில் இருந்தது. உடைந்த வாங்குப் பலகைகளை அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள். வாச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரெண்டாம் வரிசைக்கு மரம் தேடி நாயா அலைஞ்சம், டீச்சர். ஊரில ஒரு குற்றி இல்லை. உங்கட ஆக்களின்ர வீடுகள் சும்மா கிடந்தது. எல்லாரும் கழட்டினவை. நாங்களும் கழட்டினம். கதவுகளைக் கீழ பரப்பி, குற்றியை மேல தூக்கிப் போட்டம். உங்கட வீட்டுக் கதவை நானும் இன்னொருத்தனுமாத்தான் தூக்கிக்கொண்டு வந்தனாங்கள்.” தோளைத் தடவிக்கொண்டார். “சரியான பாரம்.”

ராத்தா உள்ளே இறங்கினார். நான் டோர்ச்சைப் பிடித்தேன். தலைக்கு மேலே அந்தக் கதவு. பச்சைப் பெயின்ட் பக்கம் மேலே குற்றியைப் பார்த்துக் கிடந்தது. உட்பக்கம் எங்களைப் பார்த்தது. ஈரத்தில் கறுத்த முதிரையில், வெள்ளைப் பெயின்ட் அங்கங்கே உரிந்துபோய், அந்த பிஸ்மி.

“பிள்ளையள் படுத்துக்கொண்டு கேக்குங்கள், இது என்ன எழுத்தெண்டு,” என்றார் வாச்சர். “டீச்சரின்ர எழுத்து எண்டு சொல்லுவன்.”

“குண்டு விழுந்ததா?”

“ரெண்டு தரம். ஒண்டு மதிலடியில. மற்றது இந்தா, இந்த வேம்பில பாதியைக் கொண்டுபோட்டுது. அண்டைக்கு உள்ளுக்க நாப்பது பிள்ளையள்.”

“பிள்ளையள்?”

“ஒண்டுக்கும் ஒரு காயமும் இல்லை, டீச்சர்.”

“ஒண்டுக்கும்?”

“ஒண்டுக்கும்.”

அவர் கையை உயர்த்திக் கதவைத் தடவினார். “கீல் பக்கத்தை வாசலுக்கு விட்டிருக்கிறீங்க. அதுதான் இதில பலம் குறைஞ்ச பக்கம்,” என்று ஏசினார். ஏசிக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார். வாச்சரும் அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை, டோர்ச்சை அணைத்துவிட்டேன்.

வெளியே வந்ததும் வாச்சர், “கழட்டித் தாறன், டீச்சர். வானில ஏத்தலாம். உங்கட சாமான்,” என்றார். ராத்தா வேப்பமரத்துக்கு மேலே வானத்தைப் பார்த்தார்.

“வேணாம். இருக்கட்டும்,” என்றார்.

திரும்பி வரும்போது வானுக்குள் ஒப்பாரி. ஒருவருடைய வீட்டில் தரைச் சீமெந்தைக்கூடக் கிண்டிவிட்டார்கள். இன்னொருவருடைய வீடு இருந்த இடமே தெரியவில்லை. ஆளாளுக்கு இழந்ததைச் சொல்லி முடித்த பிறகு முன்சீட்டிலிருந்த ஹாஜியார் திரும்பி, “டீச்சர், உங்கட வீட்டில ஏதும் மிஞ்சிச்சா?” என்று கேட்டார்.

“முன்கதவு இருக்கு,” என்றார் ராத்தா. “நல்லா இருக்கு.”

ஒரு கதவாவது மிஞ்சியதே என்று வானில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள்.